ஓயாமல் மீண்டுகொண்டிருக்கும் கணினி

கைப்பேசியிலிருந்து ஒருவர் தன் தங்கைக்கு 500 ரூபாய் அனுப்புகிறார். திரையில் பச்சை டிக் விழுகிறது. டிக் விழுந்த மறுகணமே வங்கியின் கணினி அறையில் தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பணம் போய்ச் சேர்ந்ததா, இல்லையா? அனுப்பியவரிடம் டிக் விழுந்த திரை இருக்கிறது. அந்த டிக்குக்கு ஆதாரமான பதிவு எரிந்துபோன வட்டில் மட்டுமே இருந்திருந்தால், திரையில் இருப்பது வெறும் படம்தான்.

வங்கி, மருத்துவமனை, ரயில் முன்பதிவு, பங்குச்சந்தை என்று மக்களின் பதிவுகளைக் காக்கும் எந்த இடத்திலும் முதன்மைக் கணினிக்குத் துணையாக இன்னொரு கணினி, பெரும்பாலும் வேறொரு கட்டடத்திலோ வேறொரு ஊரிலோ, ஓடிக்கொண்டிருப்பது இதற்காகத்தான். முதல் கணினியில் எழுதப்படுவதெல்லாம் இரண்டாவதிலும் எழுதப்பட வேண்டும். முதலாவது விழுந்தால் இரண்டாவது எழுந்து நிற்க வேண்டும். சொல்ல எளிது. அந்த இரண்டாவது கணினியை எப்படி உருவாக்குகிறார்கள், எப்படி அதை முதலாவதோடு சேர்ந்து ஓடவைக்கிறார்கள், எல்லாம் சரியாக அமைத்த பிறகும் ஏன் சில நேரம் அது கைகொடுப்பதில்லை என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

குறிப்பேடும் பேரேடும்

போஸ்ட்கிரெஸ் உலகெங்கும் பயன்படும் இலவச தரவுத்தள மென்பொருள். இந்த அத்தியாயம் முழுக்க அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது தன் தரவையெல்லாம் 8 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து வட்டில் வைத்திருக்கிறது. 500 ரூபாய் கைமாறும்போது இரண்டு பக்கங்கள் மாற வேண்டும். அண்ணன் கணக்கு உள்ள பக்கத்தில் கழிக்க வேண்டும், தங்கை கணக்கு உள்ள பக்கத்தில் கூட்ட வேண்டும். முதல் பக்கத்தை எழுதி முடித்து இரண்டாவதை எழுதுவதற்குள் மின்சாரம் போனால் 500 ரூபாய் காற்றில் கரைந்துவிடும்.

ஆகவே தரவுத்தளம் நேராகப் பக்கங்களில் கை வைப்பதில்லை. என்னென்ன மாறப்போகிறது என்பதை முதலில் ஒரு நீண்ட கோப்பின் கடைசியில், நடந்த வரிசைப்படி எழுதுகிறது. அந்த எழுத்து வட்டில் உண்மையிலேயே பதிந்துவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே ‘முடிந்தது’ என்று பதில் சொல்கிறது. பக்கங்கள் நினைவகத்தில் உடனே மாறிவிடும். வட்டில் அவற்றைச் சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம். இந்தக் கோப்புக்கு ரைட்-அஹெட் லாக் என்று பெயர்.

பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் எடுத்தவர்களுக்கு இந்த முறை பழக்கமானது. நடவடிக்கைகளை நடந்த வரிசையில் முதலில் குறிப்பேட்டில் பதிவார்கள். பிறகு அங்கிருந்து அவரவர் கணக்குக்குப் பேரேட்டில் எடுத்தெழுதுவார்கள். பேரேட்டில் ஒரு பக்கம் கிழிந்துபோனாலும் குறிப்பேடு கையில் இருந்தால் அதைத் திரும்பப் போட்டுவிடலாம். தரவுத்தளத்தில் லாக்தான் குறிப்பேடு, பக்கங்கள்தான் பேரேடு. இந்த இரண்டு சொற்களையே இனிப் பயன்படுத்துவோம்.

விழுந்த கணினி எழுவது எப்படி?

மின்சாரம் போய்த் திரும்பி வருகிறது. தரவுத்தளம் கண் விழிக்கும்போது பேரேட்டின் சில பக்கங்கள் புதியவை, சில பழையவை. எது எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இந்தக் குழப்பத்திலிருந்து பிழையில்லாமல் வெளியே வரும் வழியை முழுமையாக வகுத்துக் கொடுத்த ஆய்வுக் கட்டுரை 1992-இல் வெளியானது. அதன் முதன்மை ஆசிரியர் சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆல்மடன் ஆய்வகத்தில் பணியாற்றிய சி. மோகன். அவரும் சகாக்களும் அந்த முறைக்கு ஏரிஸ் என்று பெயரிட்டார்கள். ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் போன்ற பெரிய தரவுத்தளங்கள் அந்த வழியில் நடக்கின்றன.

ஏரிஸின் மையத்தில் ஓர் எளிய கொள்கை இருக்கிறது: நடந்ததை நடந்த வரிசையிலேயே மறுபடி நடத்து. குறிப்பேட்டின் ஒவ்வொரு பதிவுக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் உண்டு. பேரேட்டின் ஒவ்வொரு பக்கமும், தன்மீது கடைசியாக எடுத்தெழுதப்பட்ட பதிவின் எண்ணைத் தன் தலையில் வைத்திருக்கும். மீட்பு வேலை தொடங்கும்போது கணினி குறிப்பேட்டை ஓர் இடத்திலிருந்து வாசித்துக்கொண்டே போகிறது. பக்கத்தில் இருக்கும் எண் சிறியதாக இருந்தால் மாற்றத்தை ஏற்றுகிறது. இல்லையென்றால் இது ஏற்கெனவே ஏறிவிட்டது என்று தாண்டிப் போகிறது. கடைசிப் பதிவை அடையும்போது பேரேடு விபத்து நேர்ந்த கணத்தின் நிலைக்கு வந்துவிடுகிறது. ஒரே பதிவை இரண்டு முறை ஏற்றிவிடும் ஆபத்தும் இல்லை.

இரண்டாவது கணினியின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. குறிப்பேட்டை வாசித்தே பேரேட்டை மீட்க முடியும் என்றால், அந்தக் குறிப்பேடு அதே கணினியில் இருக்க வேண்டிய அவசியம் என்ன? முதன்மை சர்வர் எழுதும் ஒவ்வொரு பதிவையும் கம்பி வழியாக இன்னொரு சர்வருக்கு அனுப்பினால், அது தன்னிடமுள்ள பேரேட்டில் அதை ஏற்றிக்கொண்டே போகலாம். விபத்துக்குப் பின் ஒரு கணினி சில நிமிடங்கள் செய்யும் மீட்பு வேலையை, விபத்து எதுவும் நடக்காமலேயே, இரவும் பகலும் செய்துகொண்டிருக்கும் கணினி அது. ஸ்டாண்ட்பை என்று அழைக்கப்படும் துணை சர்வரிடம் ‘நீ மீட்பு நிலையில் இருக்கிறாயா?’ என்று கேட்க போஸ்ட்கிரெஸில் ஒரு கட்டளை உண்டு. மாதக்கணக்காக நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அது ‘ஆம்’ என்றே பதில் தரும். ‘இல்லை’ என்று அது சொல்லத் தொடங்கும் நாளில் அதுவே முதன்மை சர்வர் ஆகியிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் தரவை நகலெடுப்பது

ஸ்டாண்ட்பை அமைப்பதில் முதல் சிக்கல் முதல் நகல்தான். குறிப்பேட்டின் புதுப் பதிவுகளை ஏற்ற வேண்டுமென்றால், ஏற்றுவதற்கு ஒரு பேரேடு அங்கே இருக்க வேண்டும். வங்கியை மூடிவிட்டு நகலெடுக்க முடியாது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும்.

பேரேடு 300 ஜிகாபைட் என்றும், அதை நகலெடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்றும் கொள்வோம். அண்ணன் கணக்குள்ள பக்கம் 10 மணிக்கு நகலாகிறது. 10.30-க்கு அவர் 500 ரூபாய் அனுப்புகிறார். தங்கையின் பக்கம் 10.50-க்கு நகலாகிறது. இப்போது நகலில் அண்ணனிடம் பணம் குறையவில்லை, தங்கையிடம் மட்டும் ஏறியிருக்கிறது. உலகில் இல்லாத 500 ரூபாய் அங்கே பிறந்துவிட்டது. எந்த ஒரு கணத்திலும் உண்மையாக இருந்திராத பேரேடு அது.

ஆனாலும் கவலையில்லை. 10 மணி முதல் 11 மணி வரை எழுதப்பட்ட குறிப்பேட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தால் போதும். ஸ்டாண்ட்பை அதை வாசிக்கும்போது அண்ணன் பக்கத்தில் கழித்தல் விடுபட்டிருப்பது தெரியும், அதை ஏற்றும். தங்கையின் பக்கத்தில் ஏற்கெனவே ஏறியிருந்த தொகை இரண்டாம் முறை கூடாது. 11 மணிக்குரிய பதிவை அடையும்போது நகல் முழு உண்மையாகிவிடும். குழம்பிப்போன நகலையும் குறிப்பேடு சரியாக்கிவிடுகிறது என்பதால்தான் ஓடும் தரவுத்தளத்தை நிறுத்தாமலேயே இரண்டாவது சர்வரைப் பிறப்பிக்க முடிகிறது.

நடைமுறையில் வேலை சில படிகளில் முடிந்துவிடும். முதன்மை சர்வரில் நகலாக்கத்துக்கென்றே ஒரு பயனர் பெயர் உருவாக்கி, அதற்கு அந்த ஓர் உரிமையை மட்டும் தருவார்கள். எந்த முகவரியிலிருந்து யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் கோப்பில் ஸ்டாண்ட்பையின் முகவரியைச் சேர்ப்பார்கள். பிறகு ஸ்டாண்ட்பை இயந்திரத்தில் தரவு அடைவைக் காலியாக வைத்துக்கொண்டு, ‘பிஜி பேஸ்பேக்கப்’ என்ற கட்டளையை ஓடவிடுவார்கள். மேலே சொன்ன முதல் நகலைக் குறிப்பேட்டோடு சேர்த்து எடுத்து வருவது அதுதான். கடைசியில் தரவு அடைவில் ‘ஸ்டாண்ட்பை.சிக்னல்’ என்ற பெயரில் உள்ளே எதுவுமே இல்லாத ஒரு வெற்றுக் கோப்பு இருக்கும். சர்வர் தொடங்கும்போது அந்தக் கோப்பைப் பார்த்தால் தான் துணை என்பதைப் புரிந்துகொண்டு முதன்மையிடம் பதிவுகளைக் கேட்டு வாங்கத் தொடங்கும். அந்தக் கோப்பு இல்லையென்றால் தன்னையே முதன்மை என்று எண்ணிக்கொண்டு எழுந்துவிடும். முழு ஏற்பாட்டின் தலைவிதியும் ஒரு வெற்றுக் கோப்பின் இருப்பில் நிற்கிறது.

நான்கு இடங்கள்

இப்போது இரண்டும் ஓடுகின்றன. துணை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது? முதன்மை சர்வரிடம் கேட்டால் அது நான்கு இடங்களைக் காட்டும். ஒவ்வொன்றும் குறிப்பேட்டின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்று சொல்லும் எண். முதலாவது, எதுவரை அனுப்பப்பட்டது. இரண்டாவது, அந்தப் பக்கத்து இயங்குதளத்திடம் எதுவரை எழுதக் கொடுக்கப்பட்டது. மூன்றாவது, எதுவரை அங்கே வட்டில் நிலையாகப் பதிந்தது. நான்காவது, எதுவரை அங்கே பேரேட்டில் ஏறியது.

ஆரோக்கியமான அமைப்பில் இந்த நான்கும் ஏறக்குறைய ஒட்டியபடியே முன்னேறும். அவை எந்த இடத்தில் விலகுகின்றன என்பதை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். அனுப்பியதற்கும் எழுதியதற்கும் இடைவெளி அகன்றால் சந்தேகம் முதலில் வலையமைப்பின் மேல் விழும். எழுதியதற்கும் பதிந்ததற்கும் அகன்றால் துணையின் வட்டு மெதுவாக இருக்கிறது. பதிந்ததற்கும் ஏறியதற்கும் அகன்றால், துணையில் யாரோ நீண்ட அறிக்கை ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கலாம். அவர் வாசித்து முடிக்கும்வரை எடுத்தெழுதும் வேலை காத்துக்கிடக்கக்கூடும்.

அந்தப் பச்சை டிக் எப்போது விழ வேண்டும் என்ற கேள்வியும் இந்த இடங்களிலேயே தீர்க்கப்படுகிறது. முதன்மையின் வட்டில் பதிந்ததும் டிக் போடலாம். துணைக்குப் போய்ச் சேர்ந்ததும் போடலாம். அங்கே வட்டில் பதிந்ததும் போடலாம். பேரேட்டில் ஏறும்வரை காத்திருந்தும் போடலாம். போஸ்ட்கிரெஸ் இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பை வைத்திருக்கிறது. ‘சேமிக்கப்பட்டது’ என்று எல்லாத் திரையிலும் ஒரே மாதிரித் தெரிந்தாலும், அதன் பின்னாலுள்ள உறுதி நிர்வாகி தேர்ந்தெடுத்ததைப் பொறுத்தது.

தூரத்தின் விலை

அப்படியென்றால் எல்லோருமே துணையின் வட்டில் பதியும்வரை காத்திருக்கலாமே? அதற்கு ஒளியின் வேகம் ஒரு விலை கேட்கிறது.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். மும்பைக்கும் சென்னைக்கும் நேர்கோட்டுத் தூரம் 1,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பதிவு போய், ‘பதிந்துவிட்டது’ என்ற பதில் திரும்பி வர 2,000 கிலோமீட்டர். குறைந்தது 10 மில்லி நொடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். ஒருவருக்கு 10 மில்லி நொடி தெரியவே தெரியாது. ஆனால் நூற்றுக்கணக்கானோர் ஒரே கணக்கில் பணம் போடுகிறார்கள் என்றால், ஒருவருடைய மாற்றம் உறுதியாகும்வரை அடுத்தவர் அந்த வரியைத் தொட முடியாது. 10 மில்லி நொடிக்கு ஒன்று என்றால் அந்தக் கணக்கு நொடிக்கு 100 மாற்றங்களுக்கு மேல் தாங்காது. எவ்வளவு விலையுயர்ந்த கணினி வாங்கினாலும் இந்த எல்லை நகராது.

இன்னொரு விலையும் உண்டு. ஒரே ஒரு துணை வைத்து, அது பதில் சொல்லாமல் டிக் போடுவதில்லை என்று முடிவு செய்தால், துணை செத்த அன்று முதன்மையும் நின்றுவிடும். பாதுகாப்புக்காகச் சேர்த்த இயந்திரமே வேலையை முடக்கும் காரணமாகிவிடும். அதனால்தான் இரண்டு துணைகளை வைத்து, எந்த ஒன்று பதில் சொன்னாலும் போதும் என்று அமைக்கிறார்கள். போஸ்ட்கிரெஸில் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் இந்த வசதி இருக்கிறது.

காத்திருக்காமல் அனுப்பும் முறைதான் பரவலாகப் புழங்குகிறது. முதன்மை தன் வட்டில் பதிந்ததும் டிக் போட்டுவிடும். துணைக்குப் பதிவு பின்னாலேயே ஓடும். வேகம் குறையாது. ஆனால் முதன்மை திடீரென்று எரிந்துபோனால், கம்பியில் ஓடிக்கொண்டிருந்த கடைசிச் சில பதிவுகளும் அதோடு போகும். ஆகவே பெரிய நிறுவனங்கள் இரண்டையும் கலக்கின்றன. ஒரே நகரில் சில கிலோமீட்டர் தள்ளி ஒரு துணை. அது பதில் சொல்லும்வரை காத்திருப்பார்கள், தூரம் குறைவு என்பதால் வேகம் கெடாது. நிலநடுக்கமோ வெள்ளமோ நகரத்தையே முடக்கினால் என்ன செய்வது என்பதற்காக வேறு நகரில் இன்னொரு துணை. அதற்குக் காத்திருக்க மாட்டார்கள்.

2017 ஜனவரி 31, இரவு

மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளம் போஸ்ட்கிரெஸில்தான் ஓடியது. ஒரு முதன்மை, ஒரு துணை. அன்று இரவு தரவுத்தளத்தின் மீது வழக்கத்துக்கு மீறிய சுமை விழுந்தது. துணை பின்தங்கத் தொடங்கியது. முதன்மை சர்வர் பழைய குறிப்பேட்டுக் கோப்புகளை எப்போதும் வைத்துக்கொண்டிருக்காது. வட்டில் இடம் வேண்டுமே. துணை வாங்கிக்கொள்வதற்கு முன்பே முதன்மை அந்தக் கோப்புகளை நீக்கிவிட்டது. குறிப்பேட்டில் நடுவில் சில பக்கங்கள் இல்லாமல் போனால் தொடர முடியாது. துணையை முதலிலிருந்து மறுபடி உருவாக்குவதுதான் ஒரே வழி.

பொறியாளர்கள் துணையின் தரவு அடைவைக் காலி செய்துவிட்டு நகலெடுக்கும் கட்டளையை ஓட்டினார்கள். அது எதுவும் சொல்லாமல் அப்படியே நின்றது. முதன்மை தயாராகும்வரை அது அமைதியாகக் காத்திருக்கும் என்பது அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரியவில்லை. அடைவில் ஏதோ மிச்சம் இருப்பதால்தான் தடை என்று எண்ணி, ஒரு பொறியாளர் அதை மறுபடி அழித்தார். ஒன்றிரண்டு நொடிகளில் உண்மை புரிந்தது. அவர் அழித்துக்கொண்டிருந்தது முதன்மை சர்வரில். உடனே நிறுத்தினார். சுமார் 300 ஜிகாபைட்டில் எஞ்சியது 4.5 ஜிகாபைட்.

அடுத்துத் தெரியவந்தவை அதைவிடக் கசப்பானவை. தினமும் எடுக்கப்படுவதாக நம்பிய பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பில் ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் உரிய கையொப்பம் இல்லாததால் ஏற்கப்படாமல் போயிருக்கின்றன. கடைசியில் கைகொடுத்தது, சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு சோதனை வேலைக்காக ஒரு பொறியாளர் கையால் எடுத்து வைத்திருந்த நகல். அதிலிருந்து மீள ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது. இடைப்பட்ட நேரத்தில் பதிவான சுமார் 5,000 திட்டங்களின் விவரங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் திரும்பக் கிடைக்கவில்லை. மீட்பு நடந்தபோதே அந்த நிறுவனம் தன் பணிக்குறிப்புகளை உலகத்துக்குத் திறந்து வைத்து, வேலையை யூடியூபில் நேரலையாகவும் காட்டியது. அந்த நேர்மையால்தான் இவ்வளவு விவரங்கள் இன்று நமக்குத் தெரிகின்றன. இந்தத் துறைக்கு அது பெரிய கொடை.

அந்த ஒரு பொறியாளரின் கையைக் குறை சொல்வது எளிது, அநியாயமும்கூட. தரவுத்தளத் துறையின் முன்னோடியும் 1998-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றவருமான ஜிம் கிரே, டேண்டம் நிறுவனத்தின் கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று 1985-இல் ஆராய்ந்தார். வன்பொருள் பழுது 18 சதவீதம்தான். மென்பொருள் 25 சதவீதம். நிர்வாகமும் பராமரிப்பும் சார்ந்தவை 42 சதவீதம். எந்தப் பாகம் கெட்டாலும் ஓடும்படி கட்டப்பட்ட கணினிகளிலேயே அப்படி. மனிதர் தவறுவார் என்பதைக் கணக்கில் வைத்தே அமைப்பைக் கட்ட வேண்டும் என்பதே அந்த ஆய்வின் பாடம்.

இங்கே ஸ்டாண்ட்பையால் தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. முதன்மையில் ஒருவர் தவறுதலாக வாடிக்கையாளர் அட்டவணையை நீக்கும் கட்டளையைக் கொடுத்தால், அதுவும் குறிப்பேட்டில் ஒரு பதிவுதான். சில மில்லி நொடிகளில் துணை அதை மிக விசுவாசமாக ஏற்றிவிடும். துணை சர்வர் இயந்திரக் கோளாறிலிருந்து காக்கும். தவறான கட்டளையிலிருந்து காக்காது. அதற்குத் தனியாகப் பேக்கப் வேண்டும். வாரம் ஒரு முழு நகலும், அதன் பிறகு எழுதப்பட்ட எல்லாக் குறிப்பேட்டுக் கோப்புகளும் வேறிடத்தில் பத்திரமாக இருந்தால், அந்தக் கட்டளைக்கு ஒரு நொடி முன்புவரை எடுத்தெழுதி அங்கேயே நிறுத்திவிடலாம். துணை வைத்திருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று நினைப்பவர்கள் பாதி ஆபத்தைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

43 நொடிகள்

முதன்மை உண்மையிலேயே போய்விட்டால் துணையை முதன்மையாக உயர்த்த வேண்டும். போஸ்ட்கிரெஸில் அதற்கு ஒரே கட்டளை. கடினம் வேறிடத்தில் இருக்கிறது: முதன்மை போய்விட்டது என்று எப்படித் தெரியும்? துணையின் கண்ணுக்கு, செத்துப்போன முதன்மையும் கம்பி அறுந்ததால் பேச முடியாமல் இருக்கும் முதன்மையும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் அது கேட்பது மௌனம்தான். முதன்மை உயிரோடிருக்கும்போதே துணை தன்னை உயர்த்திக்கொண்டால் இரண்டு முதன்மைகள் ஆகிவிடும். இரண்டும் தனித்தனிக் குறிப்பேடுகளை எழுதத் தொடங்கும். பிரிந்துவிட்ட இரண்டு குறிப்பேடுகளைப் பின்னால் ஒன்றாக்குவது சில நேரம் முடியாத காரியம்.

2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் தளத்தில் இதை ஒட்டிய ஒன்று நடந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதான 100 ஜிகாபிட் ஒளியிழைக் கருவியை மாற்றும்போது, முக்கியத் தரவு மையம் வலையமைப்பிலிருந்து 43 நொடிகள் துண்டிக்கப்பட்டது. அந்த நிறுவனம் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைப் பயன்படுத்தியது; முதன்மையைத் தேர்ந்தெடுக்கும் வேலையை ஒரு தானியங்கி மென்பொருள் பார்த்துக்கொண்டது. கிழக்கின் மௌனத்தைக் கண்ட அது, மேற்குக் கரையிலிருந்த துணைகளை முதன்மையாக உயர்த்தியது. இணைப்பு திரும்பியதும் எல்லா எழுத்தும் மேற்கே போகத் தொடங்கியது. ஆனால் துண்டிப்புக்கு முந்தைய சில நொடிகளில் கிழக்கில் எழுதப்பட்ட பதிவுகள் மேற்கே வந்து சேர்ந்திருக்கவில்லை. மிகச் சுறுசுறுப்பான தரவுத்தளத் தொகுதிகளில் ஒன்றில் அப்படி 954 பதிவுகள். கிழக்கிடம் மேற்கில் இல்லாதவை இருந்தன. மேற்கிடம் கிழக்கில் இல்லாதவை சேர்ந்துகொண்டே போயின.

வேகமாகத் திரும்ப வேண்டுமென்றால் ஒரு பக்கத்தைத் தூக்கி எறிய வேண்டும். அந்த நிறுவனம் வேகத்தைவிடப் பயனர்களின் தரவே பெரிது என்று முடிவு செய்தது. சில சேவைகளை நிறுத்தி வைத்து, பேக்கப்பிலிருந்து மீட்டு, இரண்டு கரைகளையும் ஒத்திசைத்தது. 43 நொடிக் கோளாறைச் சரிசெய்ய 24 மணி 11 நிமிடம் ஆனது. நான் படித்த விபத்து அறிக்கைகளில் மிகவும் மதிக்கத்தக்க முடிவு இது.

இரண்டு முதன்மைகள் உருவாகாமல் தடுக்கப் பெரும்பான்மை வாக்கு என்ற வழி இருக்கிறது. மூன்று இடங்களில் மூன்று சாட்சிகள். இருவர் ஒப்புக்கொண்டால்தான் புதிய முதன்மை. வலையமைப்பு எப்படிப் பிளந்தாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருவர் இருக்க முடியும். லெஸ்லி லாம்போர்ட்டின் பாக்சோஸ், 2014-இல் ஆங்காரோவும் ஆஸ்டர்ஹவுட்டும் வெளியிட்ட ராஃப்ட் ஆகிய முறைகள் இந்த வாக்கெடுப்பைப் பிழையின்றி நடத்துகின்றன. கூடவே பழைய முதன்மையைக் கட்டாயமாக முடக்கவும் வேண்டும். தேவைப்பட்டால் அதன் மின்சாரத்தையே துண்டித்துவிடுகிறார்கள். இருந்தும், முன்னாலிருந்த முதன்மையின் கடைசிப் பதிவுகள் சாட்சிகளில் பெரும்பாலோரை எட்டாமல் டிக் போடப்பட்டிருந்தால், கிட்ஹப்பில் நேர்ந்தது மறுபடி நேரலாம். வாக்கெடுப்பும் டிக் விழும் இடமும் சேர்ந்து திட்டமிடப்பட வேண்டும்.

சனிக்கிழமை வர்த்தகம்

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. காலை 11.40-க்கு மும்பையின் தேசியப் பங்குச்சந்தை வர்த்தகத்தை நிறுத்தியது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளிலும் கோளாறு. ரிஸ்க்கைக் கணக்கிடும் அமைப்பு கிடைக்காமல் போனது. முதன்மைத் தளத்துக்கும் அதே நகரிலுள்ள அருகமைத் தளத்துக்கும் இடையே இணைப்பு அறுந்தாலும் முதன்மையின் சேமிப்பகம் தானே தொடர்ந்து இயங்கும் என்பதுதான் வடிவமைப்பு. அது அப்படி இயங்கவில்லை என்று சந்தை பின்னர் விளக்கியது. சென்னையில் முழுமையான பேரிடர் மீட்புத் தளம் இருந்தது. ஆனால் வர்த்தகம் அங்கே மாற்றப்படவில்லை. பிற்பகல் 3.45-க்குத்தான் சந்தை மறுபடி திறந்தது. ஏன் மாறவில்லை என்பதற்கு விளக்கம் கேட்டது ஒழுங்குமுறை ஆணையமான செபி.

அடுத்த மாதமே செபி விதிகளை இறுக்கியது. முக்கிய அமைப்பு முடங்கினால் 30 நிமிடங்களுக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்ததிலிருந்து 45 நிமிடங்களுக்குள் மறுதளத்தில் வேலை தொடங்க வேண்டும். இதில் முதல் விதியே என் கண்ணுக்கு ஆழமானது. கருவி இருந்தும் ‘இன்னும் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையில் மணிக்கணக்கு போய்விடும். எப்போது முடிவெடுக்க வேண்டும் என்பதை, அமைதியான ஒரு நாளில் முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் நெருக்கடியில் கை துணியும்.

2024 மார்ச் 2, சனிக்கிழமை. விடுமுறை நாளான அன்று தேசியப் பங்குச்சந்தை சிறப்பு வர்த்தகம் நடத்தியது. காலை 9.15 முதல் 10 மணி வரை முதன்மைத் தளத்தில், 11.30 முதல் 12.30 வரை பேரிடர் மீட்புத் தளத்தில். அது பாவனை இல்லை. உண்மையான முதலீட்டாளர்கள் உண்மையான பணத்தில் வாங்கி விற்றார்கள். அதே ஆண்டு மே 18-ஆம் தேதி மறுபடியும் நடந்தது. காகிதத்தில் இருக்கும் ஆயிரம் உறுதிமொழிகளைவிட அந்த ஒரு மணி நேர வர்த்தகம் மீட்புத் தளத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

இதற்குப் பங்குச்சந்தையின் செல்வம் தேவையில்லை. போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் இலவசமாகக் கிடைக்கின்றன. நடுத்தர மருத்துவமனை ஒன்றோ, கூட்டுறவுச் சங்கம் ஒன்றோ இரண்டு சாதாரண இயந்திரங்களில் இந்த அத்தியாயம் சொன்ன முதன்மை-துணை ஏற்பாட்டை ஒரே நாளில் நிறுவிவிடலாம். நோயாளியின் மருந்து ஒவ்வாமைக் குறிப்பும், ஒரு விவசாயியின் கடன் தவணைக் கணக்கும் அங்கேதான் இருக்கின்றன; அவை பங்கு விலையைவிட எந்த விதத்திலும் குறைந்தவையல்ல. நிறுவிய பிறகு மூன்று வேலைகள் மிஞ்சும். ஒன்று, துணை எந்த இடம்வரை வந்திருக்கிறது என்று தினமும் பார்ப்பது. பார்க்கத் தவறினால் யாரையாவது எழுப்பும் எச்சரிக்கை வைப்பது. அது உண்மையிலேயே ஒலிக்கிறதா என்று சோதிப்பது. இரண்டு, மாதம் ஒருமுறை பேக்கப்பை ஒரு தனி இயந்திரத்தில் முழுக்க மீட்டு, கணக்கு நேர்கிறதா என்று பார்ப்பது. மூன்று, ஆண்டுக்கு இரண்டு முறையாவது, அறிவித்துவிட்டு, துணையை முதன்மையாக்கி ஒரு நாள் வேலையை அதிலேயே நடத்துவது.

முதல் இரண்டைச் செய்பவர்கள் பலர் உண்டு. மூன்றாவதைச் செய்யத் தயங்குவார்கள். நன்றாக ஓடுவதை ஏன் கிளற வேண்டும் என்று கேட்பார்கள். ஒருமுறையும் பொறுப்பேற்றுப் பார்க்காத துணை சர்வரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அது நகலெடுக்கிறது என்பது மட்டுமே. அதனால் ஒரு நிறுவனத்தைத் தாங்க முடியுமா என்பது, தாங்கவைத்துப் பார்த்த அன்றுதான் தெரியும். அந்த நாளை நாம் தேர்ந்தெடுத்தால் தவறுகள் திருத்தக்கூடியவையாக இருக்கும். விபத்து தேர்ந்தெடுத்தால், விலையைக் கொடுப்பவர்கள் அந்தப் பதிவுகளை நம்பி வாழும் மக்கள்.